மொன்தேரா வளைவில் முப்பது வருடம்

1986ஆம் வருடம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு மொன்தேரா வளைவுக்குள் நுழைந்த சிவப்பு கார், முப்பது வருடம் கழித்துத்தான் மறுபக்கம் வெளியே வந்தது. வளைவின் நீளம் நூற்றிருபது மீட்டர்.

ஓட்டியவன் லெயார்கோ, வயது இருபத்தாறு. கீழே சமவெளியில் பந்தயக் கார் செய்யும் கம்பெனியில் சோதனை ஓட்டுநர். புதுக் கார்களை எங்கள் மலைச்சாலையில் விரட்டிப் பார்த்து, எங்கே இழுக்கிறது, எங்கே முனகுகிறது என்று எழுதிக் கொடுப்பது அவன் வேலை. அவன் காணாமல் போனது மூன்று நாள் வரை யாருக்கும் தெரியவில்லை. அதற்குக் காரணம் எங்கள் காது. சனி, ஞாயிறு என்றால் எங்கள் ஊர் ஆண்களுக்குக் கார்தான். ஆனால் காரைக் கண்ணால் பார்ப்பது வெளியூர்க்காரன் வேலை என்று இங்கே ஒரு திமிர் உண்டு. வைனரின் காப்பிக்கடை வாசலில் கோப்பையும் கையுமாகக் கண்ணை மூடி நின்று, எத்தனை சிலிண்டர், எந்த கியர், ஓட்டுகிறவன் ராத்திரி தூங்கினானா என்பது வரை சொல்வார்கள். அன்றும் பதினோரு பேர் அப்படித்தான் நின்றார்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினான், வளைவைத் தாண்டினான், அடுத்த ஊர்ப் பாலத்தில் ஏறினான் என்று பதினோரு பேரும் போலீசிடம் சத்தியம் செய்தார்கள். சத்தம் போனது உண்மைதான். கார்தான் கூடப் போகவில்லை. போலீஸ் பாலத்துக்கு அப்பால் ஆறு, பள்ளம், சோளக்காடு என்று ஒரு மாதம் தேடிவிட்டுத் திரும்பிப் போனது.

லெயார்கோவின் அண்ணன் எர்மெஸ், தரை ஓடு செய்யும் தொழிற்சாலையில் நிறம் சரிபார்ப்பவர். வார இறுதிகளில் கேமராவோடு மலையேறி, பூத்த செர்ரித் தோட்டம், மழை அரித்த களிமண் சரிவு, தூரத்துப் பனிச்சிகரம் என்று படம் எடுப்பார். தொழிற்சாலை வருடா வருடம் அவற்றைக் காலண்டராகப் போடும். அந்த ஆகஸ்டில் அவர் எடுத்த படம் ஒன்றில், வெறும் சாலையாக இருந்திருக்க வேண்டிய வளைவில், சிவப்பு கார் மூக்கை மட்டும் நுழைத்து நின்றது. மறுநாள் போய் அந்த இடத்தில் நடந்தே பார்த்தார். காலில் எதுவும் தட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை அதே கல்லின் மேல் நின்று மறுபடி எடுத்தார். படத்தில் கார் நாலு விரற்கடை முன்னால் வந்திருந்தது. லெயார்கோவுக்கு நிச்சயமாகியிருந்த நோர்மாவிடம் இரண்டு படங்களையும் காட்டினார். கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது மாப்பிள்ளையைத் தொலைத்தவள் அவள். பின்னலாடைப் பட்டறையில் வேலை.

"வர்றான்ல? அப்ப சரி," என்றாள் நோர்மா.

எர்மெஸ் கணக்குப் போட்டார். முப்பது வருடம் வந்தது.

ஐந்து வருடம் கழித்து எர்மெஸும் நோர்மாவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஊரில் யாரும் தப்பு என்று சொல்லவில்லை, நல்லது என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் அவர் வளைவுக்குப் போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவள், "எவ்வளவு?" என்பாள். "நாலு விரல்." "மூஞ்சி தெரியுதா?" "கண்ணாடியில வெயில் அடிக்குது." அது பொய். முகம் தெளிவாகத் தெரிந்தது, ஒரு நாள்கூட வயதாகியிருக்கவில்லை. வைனர் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். "ஏன்டா எர்மெஸ், தம்பி வர்ற அன்னைக்கு நீ பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பணுமே, யோசிச்சு வச்சிருக்கியா?" "யோசிச்சேன். ஒண்ணும் தோணல," என்றார் எர்மெஸ். நிஜமாகவே ஒன்றும் தோன்றவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் போல மனசு மரத்துக் கிடந்தது.

1994இல் அவருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு சனிக்கிழமை போகவில்லை. மூன்றாவது வாரப் படத்தில் கார் பழைய இடத்திலிருந்து நாலே விரல் நகர்ந்திருந்தது. அவர் எடுத்தால்தான் கார் நகர்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. வீட்டிலேயே இருந்துவிட்டால் தம்பி வரவே மாட்டான், நோர்மா இவருடனேயே இருப்பாள். படத்தைப் பார்த்த நோர்மாவுக்கும் புரிந்தது. அடுத்த சனிக்கிழமை விடிந்தபோது கேமராப் பையைத் துடைத்து, ரொட்டியும் பன்றி இறைச்சித் துண்டும் கட்டி, வாசல் கதவை ஒட்டி வைத்திருந்தாள். எர்மெஸ் பையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வாரமும் தவறவில்லை.

2016 ஏப்ரலில், குறித்த சனிக்கிழமை, நோர்மா தலைக்குச் சாயம் பூசி நீலக் கவுன் போட்டு வளைவின் முடிவில் வந்து நின்றாள். அவளுக்கு ஐம்பத்து நான்கு. எர்மெஸ் அதே கல்லின் மேல் நின்று கடைசிப் படத்தை எடுத்தார். காப்பிக்கடை வாசலில் ஊரே கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தது. சத்தம் முப்பது வருடம் முன்பே போய்விட்டதால் கார் சத்தமில்லாமல் வந்தது, கடை வாசலில் ஒருவரும் பார்க்கவில்லை. லெயார்கோ இறங்கி, ரெண்டாவது கியர் கடிக்கிறது என்று குறைபட்டுக்கொண்டான். பிறகு எர்மெஸைப் பார்த்தான்.

"அப்பா, நீங்க எங்க இங்க? ஏன் இப்படி இளைச்சுட்டீங்க?"

அவர்களுடைய அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. எர்மெஸ் பதில் சொல்வதற்குள் அவன் நோர்மா பக்கம் திரும்பி மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினான்.

"வாங்க அத்தை. நோர்மா வரலையா?"

நோர்மா நீலக் கவுனை நீவிவிட்டுக்கொண்டாள். "கல்யாணத் துணி எடுக்க மோதெனா போயிருக்கா. சாயங்காலம் வந்துருவா. நீ வந்து சாப்பிடு," என்றாள். எர்மெஸுக்கு அழுகை வந்தது. முப்பது வருடத்தில் முதல் தடவை. யாருக்காக என்று அவருக்கே தெரியவில்லை.

லெயார்கோ இப்போது ஊர் மெக்கானிக் கடையில் வேலை செய்கிறான். ஞாயிறு மதியம் எர்மெஸ் வீட்டுக்கு வந்து, கீரை அடைத்த தொர்தெல்லோனி பாஸ்தா இரண்டு தட்டு சாப்பிடுவான். அத்தை பரிமாறுவாள். நோர்மா வரலையா என்று ஒவ்வொரு வாரமும் கேட்பான், அதே பதில் கிடைக்கும், தலையாட்டிக்கொள்வான். ஊரும் அதற்குப் பழகிவிட்டது. தபால்காரர்கூட அந்த வீட்டுக் கதவைத் தட்டி, நோர்மா பெயருக்கு வந்த கடிதத்தை நோர்மாவிடமே கொடுத்து, அவள் மோதெனாவிலிருந்து வந்ததும் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.