சொருகினால் படம், பிடுங்கினால் குரல்

விசாரணை அறையில் அண்ணனின் போனைப் புரொஜெக்டரில் சொருகியதும் சுவரில் அவன் வந்துவிட்டான். சத்தம் மட்டும் வரவில்லை.

கிடங்கின் சரக்கு லிஃப்ட் விழுந்து அண்ணன் செத்தபோது அந்தப் போன் அவன் சட்டைப் பையில் இருந்தது. திரை போய்விட்டது, உள்ளே இருந்த வீடியோ பிழைத்துக்கொண்டது. அன்று காலை போனைச் சாய்த்து வைத்து அவனே எடுத்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று மேற்பார்வையாளரிடம் சொல்கிறான். கம்பெனியோ எல்லாம் அவனுடைய அஜாக்கிரதை என்று முடிவுகட்டி வைத்திருந்தது. இன்று நிரூபிக்காவிட்டால் செத்தவன் தலையில்தான் பழி.

அசல் போனையே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வீட்டு டிவியில் சொருகியபோது கணீரென்று பேசியது. அந்த மிதப்பில்தான் வந்தேன். டிவிக்கு ஸ்பீக்கர் உண்டு, இந்தப் புரொஜெக்டருக்கு இல்லை என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

ஒயரைப் பிடுங்கினேன். போனிலிருந்து குரல் வந்தது, சுவர் வெறும் நீலமானது.

"குரல் யாரோடதா வேணா இருக்கலாமே" என்றார் விசாரணை நடத்திய கம்பெனி மேனேஜர்.

மறுபடி சொருகினேன்.

"என்ன பேசறாருன்னே தெரியலையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரே மேற்பார்வையாளர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"முதல்லேர்ந்து போடு தம்பி" என்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து சுவரோரம் போய் நின்றாள். எத்தனை தடவை பார்த்திருப்பாளோ! அண்ணன் வாயசைத்தான், அண்ணி பேசினாள்.

"சார், பிரேக் பிடிக்கல. நேத்தே சொன்னேன். பாரம் ஏத்தினா வழுக்குது. ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் நிறுத்திடலாம் சார்."

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அவன் இருமிய இடத்தில் அவளும் நிறுத்தினாள்.

அடுத்து படத்துக்குள் மேற்பார்வையாளர் வந்தார். அவர் வாய் அசைந்தது. அண்ணி பேசவில்லை.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?" என்றார் மேனேஜர்.

"இது அவர் பேச்சு. அவர்தான் இங்கயே உக்காந்திருக்காரே, அவரே சொல்லட்டும்."

எல்லோரும் திரும்பினார்கள். மேற்பார்வையாளர் சுவரில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை போடவா சார்?" என்றேன்.

"வேணாம்." குரல் கம்மியிருந்தது. "'இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டுய்யா'ன்னு சொன்னேன்."