ஓடாத தரை

திரையில் அந்த ஒரு வரியை ஃபஹ்மிதா மறுபடி மறுபடி படித்தாள்.

'தரை: அசையாதது.'

தண்ணீரை உரசினாற்போலப் பறக்கும் சின்ன விமானம் அது. தாழப் பறந்தால் இறக்கைக்கு அடியில் சிக்கும் காற்று மெத்தை மாதிரி தாங்கும். எவ்வளவு தாழலாம் என்று பாளையங்கோட்டை ஆய்வகத்தில் கணினியில் போட்டுப் பார்த்தவள் அவள்தான். கணினிக்குள் இறக்கை நிற்கும், காற்றுதான் ஓடிவரும். அப்படியானால் கீழே, தண்ணீருக்குப் பதிலாகப் போட்ட தரையும் காற்றோடு ஓட வேண்டும். ஓடவிட மறந்திருந்தாள்.

'அரை மீட்டர்வரை பத்திரம்' என்று கையெழுத்துப் போட்டவளும் அவளே.

மூன்று மாதம் முன்பு, புன்னக்காயல் முகத்துவாரத்தில் நடந்த சோதனை ஓட்டத்தில், அதை ஓட்டிய உள்ளூர்ப் படகோட்டி சத்தியநேசன் விமானத்தோடு தலைகுப்புற விழுந்து செத்தான். விசாரணை அறிக்கை அவள் கணக்கை நம்பியது. அரை மீட்டரில் விழாதே? அப்படியானால் ஓட்டியவன்தான் அதற்கும் கீழே இறக்கியிருக்கிறான்!

தரையை ஓடவிட்டு மறுபடி போட்டாள். ஆறு மணி நேரம். அரை மீட்டரிலேயே மூக்கு கவிழ்ந்தது.

அவள் சொன்னதைக் கேட்டதும் ஆய்வகத் தலைவர், பேராசிரியர் திருஞானசம்பந்தம், கதவைச் சாத்தினார்.

"முடிஞ்சத எதுக்கும்மா கிண்டுதே? வேலை போயிரும். எனக்கும் சேத்து."

"சத்தியநேசனோட அப்பா ஊர்ல தலைகாட்ட முடியாம கெடக்காரு சார். மொதல்ல அவர்ட்ட சொல்லுதேன். பொறவு விசாரணைக்காரங்ககிட்ட."

ஞாயிற்றுக்கிழமை காலை. புன்னக்காயலில் சத்தியநேசனின் அப்பா நேசையா படகு எஞ்சினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க கம்ப்யூட்டரம்மா! அடுத்த ஓட்டத்துக்கு ஆள் வேணுமோ?"

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தரை ஓடுகிற விவரம் அவருக்குப் பிடிபடவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்.

"அப்போ எம்மவன் ஆட்டம் போடலையா?"

"இல்ல. நான் சொன்ன அளவுல போனாலே விழும். எங்கணக்குதான் தப்பு."

துணி அவர் கையிலிருந்து நழுவியது.

"பெட்டியில கெடந்தவன ஏசினேம்மா. 'சொல்பேச்சு கேக்காத பயலே'ன்னு. ஊரே பாக்க. மண்ணு போடும்போதும் அதத்தான் சொன்னேன்."



நேசையா எழுந்தார். "பூசை முடியுத நேரம். மாதா கோயில் வாசல்ல வந்து சொல்லு."

சொன்னாள். பூசை முடிந்து வந்தவர்கள் வாசலிலேயே நின்று கேட்டார்கள்.

"சத்தியநேசன் மேல தப்பு இல்ல."

"பின்ன யாரு மேலயாம்?" கூட்டத்தில் ஒருத்தி சீறினாள்.

"எம்மேல."

 நேசையா அவள் பக்கம் திரும்பாமலே கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து நடந்தார்.