நகைக்கடையில் நிறுத்த அம்பு

போன வருடம் எட்வேட் எய்த அம்பு ஒரு மானின் தோள் எலும்பில் முட்டி நின்றுவிட்டது. மான் நிற்கவில்லை. அம்பையும் கொண்டு காட்டுக்குள் ஓடியது. அவனும் மனைவி றோசலினின் தம்பி றூபனும் பொழுதுபடும்வரை தேடிவிட்டு வெறுங்கையோடு ஸ்காபரோவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அது செத்ததா, நொண்டிக்கொண்டு திரிகிறதா, யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு எட்வேட்டுக்குக் கோழிக்கறிகூட ஒழுங்காக இறங்கவில்லை.

குற்றம் றூபனுடையது. "அத்தான், பாரம் குறைஞ்ச அம்புதான் பறக்கும்" என்று அந்த மெல்லிய அம்பை எட்வேட்டின் தலையில் கட்டியவன் அவன்தான். றூபனுக்கு எதிலும் வேகம் வேண்டும். பொலிஸ்காரர் அவனுடைய லைசென்ஸைப் பறித்ததும் அதனால்தான்.

இந்த வருடம் எட்வேட் யூரியூப் பார்த்தே பேராசிரியராகிவிட்டான். பாரமான அம்பு மெதுவாகப் போனாலும் எலும்பை உடைத்துக்கொண்டு போகும். அதோடு, துவக்குப்போல விசை இழுத்து எய்யும் அவனுடைய குறுக்குவில்லோடு வந்த புத்தகத்தில் அம்பும் அதில் பூட்டும் முனையும் சேர்ந்து 425 கிரெயினுக்குக் குறையவே கூடாது என்று போட்டிருந்தது. குறைந்தால் வில்லே உடையலாம். கிரெயின் என்பது கிராமைவிடச் சின்ன அளவு. சமையலறைத் தராசுக்கு அது பிடிபடவில்லை.

"நகைக்கடையில கொண்டுபோய் நிறுங்கோவன். பவுனுக்குப் பொய் சொல்லாத தராசு அம்புக்கே சொல்லப்போகுது?" என்றாள் றோசலின்.

வேட்டைக்கு முதல் நாள் எட்வேட் றூபனையும் இழுத்துக்கொண்டு அஜின்கோர்ட்டில் றமேஸின் நகைக்கடைக்குப் போனான். அங்கே மங்கையற்கரசி அன்ரி மகளுக்குத் தாலிக்கொடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது ஆருக்குத் தம்பி, மாப்பிள்ளைக்கோ?" என்று அம்பைப் பார்த்துக் கேட்டார்.

றமேஸ் தராசைக் கிரெயினுக்கு மாற்றி, முனை பூட்டிய அம்பைக் குறுக்கே வைத்தான். 440. எட்வேட்டின் முகம் மலர்ந்தது.

"உலக்கையோட வேட்டைக்குப் போறார்" என்றான் றூபன்.

எட்வேட் அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பேராசிரியர் ஆயிற்றே! பெட்டியோடு வாங்கிய மூன்று முனைகளையும் தனித்தனியாகவும் நிறுக்கச் சொன்னான். மூன்றும் 131 காட்டின.

"றமேஸ், பெட்டியில 125 எண்டெல்லோ கிடக்கு?"

"கொம்பனிக்காரன் பிழை விட்டிருப்பான் அண்ணை."

"மூண்டிலயுமோ?"

அன்ரி தாலிக்கொடியை மெல்லக் கீழே வைத்தார். அவருக்குக் கிரெயினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நகைக்கடைத் தராசு நிறையைக் கூட்டிக் காட்டினால் அது யாருடைய வீட்டுக் காசு என்பது நன்றாகத் தெரியும்.

"சேதாரம் எண்டு தனியா எடுக்கிறியள். தராசுக்குள்ளயும் எடுக்கிறியளோ?"

கடை அமளிப்பட்டது. எட்வேட்டின் காதில் எதுவும் ஏறவில்லை. அவன் போனில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். 125ஐ 131 என்று காட்டும் தராசில் 440 என்றால் அம்பு உண்மையில் 420, புத்தகம் சொன்ன 425 கூட இல்லை. மறுபடியும் மெல்லிய அம்பு, மறுபடியும் அதே தோள் எலும்பு.

றமேஸ் அவனை ஒரு பக்கமாக இழுத்தான். "அண்ணை, உங்கட அம்பு பாரமாத்தானே காட்டுது. சத்தம் போடாமல் கொண்டு போங்கோவன்."

"உன்ர தராசில பாரமாக் காட்டி என்னடா பிரியோசனம்? மான் உன்ர கடையிலயோ எலும்பு வாங்கினது?"

"தம்பி, உந்த முனையை எங்களிட்டைத் தந்திட்டுப் போம், சாட்சிக்கு வேணும்" என்றார் அன்ரி. அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் அந்தக் கடையில் வாங்கிய காப்பை நிறுத்துப் பார்க்க ஏற்கெனவே கழற்றத் தொடங்கியிருந்தார்கள். எட்வேட் மூன்றையும் பெட்டியோடு கொடுத்துவிட்டு வெளியே வந்தான்.

"அப்ப நாளைக்கு என்னத்தைப் பூட்டிறது?" றூபன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"நாளைக்குப் போகேல்லை. பாரமான முனை வாங்கி, அடிச்சுப் பாத்துப்போட்டுத்தான் போறது."

"உங்களுக்கு இனி லீவு கிடையாது அத்தான். இதை விட்டா இந்த வருசம் மான் இல்லை."

"இல்லாட்டி இல்லை. போன வருச மானையே நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறன். இன்னொண்டைத் தேட என்னால ஏலாது."