கரியாஹாட் வரை போகாத டிராம்

1

மனித குலம் இதுவரை பட்ட அத்தனை அவமானங்களுக்கும் மூலகாரணம் பென்சில். அழித்துக்கொள்ளலாம் என்ற தைரியம் வந்த அன்றே நாம் யோசிப்பதை நிறுத்திவிட்டோம். நான் சுடோகுவைப் பேனாவால் மட்டுமே போடுகிறவன். வாழ்நாளில் ஒரு கட்டத்தைக்கூட ஊகித்து நிரப்பியதில்லை. கதையையும் அப்படித்தான் எழுதுகிறேன். புதிருக்கும் கதைக்கும் முடிவு ஒன்றே ஒன்றுதான். இரண்டு முடிவு வைக்கும் எழுத்தாளனும், இரண்டு எண்ணில் ஒன்றைப் போட்டுப் பார்க்கும் ஆட்டக்காரனும் ஒரே கட்சி.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் செய்த ஒரு தப்பை வேறு யார் தலையிலாவது கட்ட முடியுமா என்று மூன்று நாள் முயன்றேன். ஆள் கிடைக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

2

முதல் ஆரம்பம்: ஹூக்ளி நதியின் மேல் அந்திச் சூரியன் தன் பொற்கரங்களை

(வேண்டாம். நடந்தது மத்தியானம் மூன்று மணிக்கு, லேக் மார்க்கெட்டில் ஒரு இட்லிக் கடையில். அங்கிருந்து பார்த்தால் தெரிவது வாழைப்பழக் கடை.)

இரண்டாம் ஆரம்பம்: சத்யப்ரியாவின் கண்களில்

(வேண்டாம். அவள் இதைப் படிப்பாள்.)

மூன்றாம் ஆரம்பம், வேறு வழியில்லாததால்: சத்யப்ரியா என் வகுப்பு. கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடு. எங்கள் கல்லூரி விழாவில் பல கல்லூரிகள் கலந்துகொள்ளும் புதிர்ப் போட்டிக்காக, இரண்டு மாதமாக ஒரு சுடோகுவைத் தானே உருவாக்கிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் போட்டு அச்சாகப் போகும் முதல் புதிர். வீட்டில் செமஸ்டருக்குப் படிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். படிக்கவும் செய்தாள் என்று எழுத ஆசைதான், ஆனால் இது மதிப்பெண் வந்த பிறகு எழுதும் கதை.

3

புதிரின் விதிகள். வழக்கமான சுடோகுதான்: ஒவ்வொரு வரிசையிலும், பத்தியிலும், ஒன்பது கட்டச் சதுரத்திலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரு தடவை. இதற்கு மேல் ஒரு விதி. கட்டங்களின் ஊடே வளைந்து நெளிந்து ஒரு கோடு போகும். எஸ்பிளனேடிலிருந்து கரியாஹாட் போகும் டிராம் தடத்தின் சாயலில் வரைந்திருந்தாள். அந்தக் கோட்டில் அடுத்தடுத்து வரும் இரண்டு எண்களுக்கு இடையே குறைந்தது ஐந்து வித்தியாசம் இருக்க வேண்டும்.*

* அதனால் இந்த டிராமில் 5 ஏறவே முடியாது. அதற்குப் பக்கத்தில் உட்காரத் தகுதியான எண் கிடையாது. மற்றவை சின்னது, பெரியது, சின்னது, பெரியது என்று மாறி மாறி உட்காரும். இந்த அடிக்குறிப்பை மறந்துவிடாதீர்கள். நான் மறக்கவில்லை. என் பிரச்சினை வேறு.

4

அச்சுக்கு முன் ஒருவர் புதிரை முழுக்கப் போட்டுப் பார்த்து, ஒரே விடைதான் என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நான். (கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாமே என்கிறீர்கள். மனிதன்தான் போட வேண்டும் என்று புதிர் மன்றத்தில் விதி இருக்கிறது. விதியை எழுதிய மேதை யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.)

அவள் போனில் அனுப்பிய படத்தைப் பார்த்து ஒரு தாளில் பேனாவால் வரைந்துகொண்டேன். ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தேன்: கீழ் வலது மூலைச் சதுரத்தில் 5 வைக்க இடமே இல்லை. உன் புதிருக்கு விடை கிடையாது, வருத்தங்கள் என்று செய்தி அனுப்பினேன். ‘வருத்தங்கள்’ என்ற சொல்லை மிகுந்த ரசனையோடு தேர்ந்தெடுத்தேன்.

அவள் உடனே மன்றச் செயலாளர் ஹரீஷுக்குப் புதிரைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டாள். அவன் இணையத்திலிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டான்.

(ஹரீஷை வில்லனாக்க ஒரு பத்தி எழுதினேன். நிற்கவில்லை. பெஹாலாவிலிருந்து இரண்டு ஆட்டோ மாறி வந்து போஸ்டர் ஒட்டுகிறவனை வில்லனாக்க முடியாது. கோபு என்ற பாத்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். கோபு நான்தான்.)

5

இட்லிக் கடைக்கு அவள் வந்தது எங்கே தப்பு செய்தோம் என்று தெரிந்துகொள்ளத்தான். கோபமாக வந்திருந்தால் வசனம் எழுத வசதியாக இருந்திருக்கும். என் தாளை வாங்கி, டிராம் கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தாள். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"இது என்ன?"

"கரியாஹாட்."

"அங்க யாரு போகச் சொன்னா?"

"டிராம் அங்கதானே போகும்."

"நெஜ டிராம் போகும். என்னோடது ஒரு ஸ்டாப் முன்னாடியே நின்னுடும். நீ கோட்டை இழுத்துவிட்ட கட்டத்துலதான் அஞ்சு."

போனை எடுத்துப் பார்த்தேன். கோடு ஒரு கட்டம் முன்னாலேயே நின்றிருந்தது. பிறந்ததிலிருந்து அந்தத் தடத்தைப் பார்த்து வளர்ந்த கை, என்னைக் கேட்காமல் கரியாஹாட் வரை போய் இறங்கியிருக்கிறது. சென்னைக்காரன் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான் என்றேன், ஊர்ப் பெருமையாக.

"தூர், கோபு," என்றாள். வங்காளத்தில் அது ‘அட போடா’வுக்குச் சித்தப்பா பிள்ளை. பிறகு இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டு மாசம்டா. நீ சொன்ன உடனே நானே நம்பிட்டேன்."

இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

6

அவள் ஹரீஷைக் கூப்பிட்டாள். நாலு மணிக்கு அச்சுக்குப் போகிறது, அதற்குள் முழுசாகப் போட்டுக் காட்டினால் சத்யப்ரியா புதிர், இல்லாவிட்டால் இணையப் புதிர் என்றான் அவன். மணி மூன்று இருபது. விடை தெரிந்தவள் சோதிக்க முடியாது. எனவே மறுபடி நான்.

அச்சிட்ட தாள் ஒன்றை என் முன் வைத்து, ஒரு பென்சிலையும் வைத்தாள். பென்சிலை அவள் பக்கமே நகர்த்திவிட்டுப் பேனாவைத் திறந்தேன்.

அழகான புதிர். ஒரு கட்டம் திறந்தால் அது அடுத்ததைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது. இதை எங்கள் யாருக்கும் சொல்லாமல் இரண்டு மாதம் ஒருத்தி வைத்திருந்திருக்கிறாள்.

மூன்று ஐம்பதுக்கு டிராம் கோட்டின் நடுவில் ஒரு கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். அங்கே 2 வரலாம், 8 வரலாம். அது தெரிந்தால் மீதி அத்தனையும் உதிரும். இரண்டும் கடைசி வரை ஓடினால் புதிருக்கு இரண்டு விடை, இந்தத் தடவை தப்பு நிஜமாகவே அவளுடையது. ஒன்று இடையில் முட்டி நின்றால் அவள் ஜெயித்தாள்.

"ஊகிக்காம வழி இருக்கா?" என்றேன்.

"இருக்கு. சொன்னா டெஸ்ட் ஆகாது. தேடு."

தேடினேன். மூன்று ஐம்பத்து மூன்று.

7

முடிவு அ: புதிர் அச்சேறியது. கூடத்தில் முந்நூறு பேர் தலையைக் குனிந்து

முடிவு ஆ: அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள்

இரண்டையும் அடித்துவிட்டேன். சத்யப்ரியா எழுந்து கடை வாசலுக்குப் போய், காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, ஹரீஷிடம் இன்னும் பத்தே நிமிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முதுகுதான் தெரிகிறது. ஒரு ஆள் இரண்டு வழியையும் போய்ப் பார்க்க நேரம் போதாது. நீங்கள் 8-ஐ எடுத்துக்கொண்டு போங்கள், எங்கேயாவது முட்டுகிறதா என்று பாருங்கள்.

நான் மேசையின் அந்தப் பக்கம் கையை நீட்டி, அவள் பென்சிலை எடுத்து, கட்டத்தின் மூலையில், ஊதினால் போய்விடும் அளவுக்கு மெல்லியதாக, 2 என்று எழுதினேன்.