ஒட்டுமடிப்புக்குள் ஒரு வரி

பெட்டி லோடு லாரியில் கிளம்பிப் பதினான்கு மணி நேரம் முப்பது நிமிடம் ஆனபோதுதான், அந்த வரி பெட்டியின் வெளிப்பக்கத்தில் இல்லை என்பதைக் கற்பகவல்லி பார்த்தாள்.

ஆமத்தூர் வீட்டின் குழாயடியில் அக்கா முத்துச்செல்வி தன் இரண்டு வயது மகள் பிரீத்திகாவுக்குப் பல் தேய்க்க உட்கார்ந்திருந்தாள். விளம்பரத்தில் வருவது போல, பிரஷ் நுனியிலிருந்து அடிவரை பேஸ்ட் நெளிந்து கிடந்தது.

"அக்கா, அம்புட்டு வைக்காத. ஒரு அரிசி அளவு போதும்."

"அரிசி அளவா? எறும்புக்கா பல்லு வெளக்குறேன்?"

"துப்பத் தெரியாத பிள்ள, அக்கா. முழுங்கிரும்."

"இனிப்பா இருந்தா முழுங்கத்தான் செய்யும். நீ சின்னதுல டியூபோட சப்புவ. செத்தா போயிட்ட?"

கற்பகவல்லியின் கை தானாக வாயை மறைத்தது. முன்பற்கள் இரண்டிலும் சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைத் திட்டுகள். வேதியியல் படிக்கும்போதுதான் அவளுக்கு விளங்கியது. பேஸ்ட்டில் இருக்கும் ஃபுளோரைடு பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும். ஈறுக்குள் பல் உருவாகிற வயதில் நாள் தவறாமல் கூடுதலாக விழுங்கினால், முளைத்து வரும் பல்லில் இப்படித் திட்டு விழலாம். வேண்டாம் என்று ஒதுக்கவும் கூடாது, அள்ளி வைக்கவும் கூடாது.

"நான் சொன்னா நம்ப மாட்ட. பெட்டியிலயே போட்டிருக்கு, படி."

தான் கம்ப்யூட்டரில் டிசைன் வேலை பார்க்கும் பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்த சாம்பிள் பெட்டியைப் பையிலிருந்து எடுத்தாள். குழந்தைகள் பேஸ்ட்டுக்கான பெட்டி. முன்னால் யானைப் படம், பின்னால் பார்கோடு, ஒரு பக்கம் விலை, இன்னொரு பக்கம் சேர்மானங்கள். நான்கு பக்கமும் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள். பெட்டியின் ஒட்டிய விளிம்பை நகத்தால் கிளப்பிப் பிரித்தாள். பசை காய்ந்த மடிப்பில் சுருங்கிப்போய் இருந்தது: 'மூன்று வயதுக்குள் அரிசி அளவு. மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. பெரியவர் பக்கத்தில் இருக்க, துப்பப் பழக்கவும்.'

"எங்கடி போட்டிருக்கு?"

"உள்ள."

"உள்ள போட்டா யாரு படிப்பா? பேஸ்ட்டா?" அக்கா சிரித்தாள். கற்பகவல்லி குளிக்காமலே பஸ்ஸுக்கு ஓடினாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. லாரி இன்று மாலை ஏழு மணிக்கு ஹைதராபாத் சேரும். சேர்ந்த கையோடு பேஸ்ட் கம்பெனியில் டியூபைப் பெட்டிக்குள் தள்ள ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று லட்சம் பெட்டி. முதலாளிக்கு நான்கு முறை போன் போட்டாள், எடுக்கவில்லை. ஐந்தாம் முறை போட்டுவிட்டு, மணி அடிப்பதற்குள் தானே அணைத்தாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் அவரிடம் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறாளே தவிர, தானாக வாய் திறந்ததில்லை.

காலண்டர் சீசன். பிரஸ்ஸுக்குள் மிஷின் சத்தத்தில் காது அடைத்தது. பெட்டி ஒட்டும் மிஷின் பக்கத்தில் நின்றபடி முதலாளி அய்யாதுரை டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் பிரித்த பெட்டியை நீட்டினாள், சொல்லவும் செய்தாள். பாதி சத்தத்தில் போனது. இரண்டாம் முறை சொன்னாள்.

மிஷின் ஓட்டுகிற சோணைமுத்து எட்டிப் பார்த்தார். "ஏத்தா, நான் ஒட்டுனதுல கோணலா?"

"இல்லண்ணே. நீங்க சரியாத்தான் ஒட்டியிருக்கீக."

அய்யாதுரை மடிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கம்பெனிக்காரன் டிசைன்லயே அப்பிடி வச்சிருப்பான். ஓகேன்னு வாட்ஸ்அப்ல அவுகளே போட்டிருக்காக. நமக்கு என்ன?"

"அண்ணாச்சி, ஒரு போன் மட்டும் போடுங்க. வெளிய ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா போதும்."

"நல்லா இருக்கும்மா நீ சொல்றது. ஒங்க டிசைன் தப்புன்னு நான் போயிச் சொன்னா, அங்கன ஓகே பண்ணுனவன் என்னயவா கும்பிடுவான்? அடுத்த ஆர்டரு வேற பிரஸ்ஸுக்குப் போயிரும்."

"சின்னப் பிள்ளைக முழுங்கும், அண்ணாச்சி. பெத்தவுகளுக்கு எம்புட்டு வைக்கணும்னு தெரியாது."

"நம்ம தப்புன்னா சொல்லு, இந்த நிமிசமே போன் போட்டு, ராவோட ராவா ஸ்டிக்கர் அடிச்சு பஸ்ல ஏத்திவிடுறேன். அய்யாதுரை அதுல ஒரு நாளும் பின்வாங்குனதில்ல. அடுத்தவன் தப்புக்கு நான் எதுக்கு?" டம்ளரைக் கவிழ்த்து மிச்ச டீயைத் தரையில் கொட்டிவிட்டு அவர் நடந்தார்.

மணி ஒன்பதே கால். லாரி சேரப் பத்து மணி நேரம்கூட இல்லை. அவள் பின்னாலேயே போனாள். அவர் அறைக்குள் போனார், கதவு மூடிக்கொண்டது. உள்ளங்கை வியர்வையில் பெட்டி நமுத்தது. திரும்பி இரண்டடி வைத்தாள். சோணைமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கதவருகே வந்தாள், தட்டாமலே திறந்தாள்.

"இன்னும் என்னம்மா?"

"அவுக ஓகே பண்ணுன டிசைன்ல அந்த வரி பின்பக்கம் சரியாத்தான் இருந்துச்சு, அண்ணாச்சி." வாயை மறைக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் பெட்டியைப் பிடித்திருந்தாள். "அதுக்குப் பொறவு பார்கோடப் பெருசாக்கச் சொல்லி எனக்குத்தான் போன் வந்துச்சு. எடம் பத்தல. ஒட்டுற மடிப்புன்னு கவனிக்காம, வெள்ளையா கெடக்குதேன்னு, அந்த வரிய அங்கன நகத்துனது நான்தான்."