கோழி மேல் போட்ட பழி

காளியப்பனின் லாரி பின்பக்கமாக வந்து பண்ணையை ஒட்டி நின்றதும் கோழிகள் மொத்தமும் ஒரே கூச்சலாகக் கத்த ஆரம்பித்தன. முட்டை நின்றுபோன கோழியைத்தான் கறிக்கு ஏற்றுவார்கள். இவை இன்னும் ஒரு வருஷத்துக்கு முட்டை வைக்கிற கோழிகள். வியாபாரி காளியப்பனுக்கே மனசு கேட்கவில்லை. "ஏனுங்கண்ணா, நல்லா யோசிச்சுத்தான் பண்றீங்களா?" என்று என் வீட்டுக்காரரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். இவர் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே, "கோழி போனாப் போவுது. என்ற புள்ளைக்கு மூச்சு வேணுமல்ல?" என்றார். காளியப்பன் ஆட்களைக் கூண்டுப் பக்கம் அனுப்பினார்.

எங்கள் மகள் சண்முகப்பிரியா பிளஸ் டூ, ஆஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். காலாண்டு லீவுக்கு வந்தவள் இருமிக்கொண்டே வந்தாள். மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். நாமக்கல் டாக்டர் முதுகில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "புகை, தூசி, அந்த மாதிரி ஏதாச்சும் உண்டா?" என்று அவளைத்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கோழிப் பண்ணைங்க, ஊட்டுக்குப் பக்கத்துலயேங்க. எச்சம், இறகு, தீவனத் தூசி எல்லாம் உள்ளதானுங்க வருது" என்று கொட்டித் தீர்த்தேன். அவர் மாத்திரையும் இழுக்கிற பம்பும் எழுதிக் கொடுத்து, தூசி ஆகாது, கொஞ்ச நாள் ஆஸ்டல் வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார். தூசியும் வீட்டில்தான், பிள்ளையும் வீட்டில்தான் என்றால் எதை வெளியே அனுப்புவது? காரில் வரும்போதே இவர் முடிவெடுத்துவிட்டார். பின்சீட்டிலிருந்து அவள் ஒரே ஒரு தடவை, "வேண்டாங்கப்பா" என்றாள். எங்களுக்காகப் பார்க்கிறாளே என்று நான் அழுதேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

ஆட்கள் கூண்டுக்குள் கையை விட்டு, நாலைந்து கோழிகளாகக் காலைப் பிடித்துத் தலைகீழாக இழுத்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். டீ போடப் போனேன். அடுப்பில் பாலை வைத்ததை மறந்து திரும்பவும் வாசலுக்கு வந்தேன். தையில் குஞ்சாக வந்தவை இவை. முதல் முட்டை கிடைத்த அன்று இவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிவிட்டு வந்தார். பிள்ளையின் நெஞ்சைத் தின்கிற பண்ணை இருந்தென்ன போயென்ன என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன். இறகு இப்படிப் பறக்கிறதே, இவளைச் சேந்தமங்கலத்தில் என் தங்கை வீட்டில் விட்டுவரலாம் என்று தேடினால், அறையில் ஆளைக் காணோம்.

குளியலறைக்குள் இருமல் கேட்டது. தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு. மயங்கி கியங்கி விழுந்துவிடப் போகிறாளே என்று பதறித் தள்ளினேன். திராட்சை மிட்டாய் வாசனை முகத்தில் அடித்தது. வெள்ளையாக ஒரு புகை மேலே கலைந்துகொண்டிருந்தது. அவள் கையில் விரல் நீளத்துக்கு ஊதா நிறத்தில் ஏதோ ஒன்று.

"என்னடி இது?"

"வேப்புன்னு சொல்லுவாங்கம்மா. பேட்டரில ஓடற சிகரெட் மாதிரி. நாத்தம் வராது."

"எத்தன நாளா?"

"பிளஸ் ஒன்ல இருந்து. ஆஸ்டல்ல என்ற ரூம்ல இருக்கற மைதிலி குடுத்தா, படிக்கறப்ப தூக்கம் வராதுன்னு. இப்ப உட முடியலம்மா. உட்டா கை நடுங்குது."

அறைந்துவிட்டேன். இருமல் நிற்காததால் அறைந்த கையாலேயே முதுகைத் தடவினேன். ஆத்திரம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "டாக்டரு கேட்டாரில்லடி! வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"நீதான் சொல்லிட்டியேம்மா."

வெளியே லாரியில் அடுத்த அடுக்கு ஏற்றுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் நிறுத்தச் சொல்லலாம்தான். ஏன் என்று இவர் அத்தனை ஆட்கள் முன்னால் கேட்பார். காளியப்பன் காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பெண் பிள்ளையாயிற்றே. கோழி போனால் மறுபடி குஞ்சு விடலாம், பேர் போனால்? அப்படியும் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

"இரு, ஏத்தி முடியட்டும். அப்பாகிட்ட அப்பறமா நான் பேசிக்கறேன். அத எங்கிட்ட குடு சாமி" என்று கையை நீட்டினேன்.

அவள் கொடுக்கவில்லை. "கோழி போயிருச்சுன்னா பழியும் அதோட போயிரும். அப்பறம் நான் இத உடவே மாட்டேம்மா. எனக்குத் தெரியும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. என்னை ஒதுக்கிக்கொண்டு வெளியே போனாள்.

மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல், இறகும் தூசியும் பறக்கிற நடுவில் போய் அப்பா முன்னால் நின்றாள். இவர் இரண்டு கையிலும் கோழிகளைப் பிடித்திருந்தார். "உள்ள போ சாமி, தூசி!" என்று பதறிக் கத்தியது கேட்டது. அப்புறம் லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் உள்ளங்கையை விரித்து அந்த ஊதாவை நீட்டினாள். பேசினாள், நடுவில் குனிந்து இருமினாள், நிமிர்ந்து மறுபடியும் பேசினாள். துண்டுக்கு மேலே இவர் கண் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இவர் மெல்லக் குனிந்து கைகளில் இருந்த கோழிகளைத் தரையில் விட்டார். கூண்டை விட்டு இறங்கியே அறியாத கோழிகள். அவற்றுக்கு ஓடத் தெரியவில்லை. மண்ணில் காலை வைத்துப் பார்த்துவிட்டு, அவள் பாதத்தை ஒட்டி அப்படியே உட்கார்ந்துகொண்டன.