முதன்மைப் பயனர்

வாயைத் திறந்தால் "ரசீது எங்கே?" என்றுதான் கேட்பார் என்பதால், வரி முகவரான அவருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ரசீது சார். மருந்துக்கடைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் அவரும், அவரிடம் வேலைக்குச் சேர்ந்து பிறகு கூட்டாளியான அவளும் தொழில் நடத்தினார்கள்.

முகவர்கள் இனி இணையம் வழியாகத்தான் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று வரித்துறை சொல்லிவிட்டது. பதிவு வேலையை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். தன்னை முதன்மைப் பயனராகப் பதிந்து, பேக்கரிக்காரரிலிருந்து லாரிக்காரர்வரை ஒவ்வொருவரையும் போனில் பிடித்து, தன்னை முகவராக ஏற்க எங்கே தொட்டுச் சம்மதம் தர வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்தார். அவளையும் பயனராகச் சேர்ப்பதுதான் பாக்கி. நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போனவர் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது, பேச்சும் வலது பக்கமும் போயின.

அலுவலகக் கணினி இருந்தது, கடவுச்சொல் இருந்தது. உள்ளே போவதற்கான எண் மட்டும் அவருடைய போனுக்கு வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடாத கதைதான். கெடு நெருங்க நெருங்க வாடிக்கையாளர்கள் போன் மேல் போன் போட்டார்கள். அவள் வரித்துறையை அழைத்தாள். முதன்மைப் பயனர்தான் இன்னொருவரைச் சேர்க்க முடியும், இல்லையென்றால் உங்கள் பெயரில் புதிதாகத் தொடங்கி, எல்லோரிடமும் மறுபடி சம்மதம் வாங்குங்கள் என்றார்கள். அவரால் பேச முடியாது என்று சொன்னதற்கு அந்தக் குரல் வருத்தப்பட்டது. பதிலை மாற்றவில்லை.

பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். விஷயத்தைக் கேட்ட அவர் மனைவி கைப்பையிலிருந்து அவருடைய போனை எடுத்தாள். போர்வைக்குள் துவண்டு கிடந்த அவர் வலக்கையைத் தூக்கினாள்.

"கட்டைவிரலை வச்சா திறந்துடும். நம்பரைப் பார்த்துக்கோ."

அவர் விழித்துத்தான் இருந்தார். அந்தக் கை அவருடையதே இல்லை என்பதுபோல் தொங்கியது. அவள் குனிந்தாள்.

"சார், உங்க பேர்ல நான் உள்ள போகட்டுமா? சரின்னா கண்ணை மூடுங்க."

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்தது. பிறகு மூடினார்.

"சரின்னுட்டார்" என்றாள் மனைவி.

சம்மதமா, அழுகையா? அவளுக்குத் தெரியவில்லை. போனைக் கேட்கத்தான் வந்திருந்தாள். இப்போது கை நீளவில்லை.

"வேணாம்க்கா. அவருக்கு என்ன புரிஞ்சுதுன்னு நமக்குத் தெரியல."

மனைவி அந்தக் கையை மெதுவாகக் கீழே வைத்தாள். "நீ உன் பேர்ல ஆரம்பிச்சுட்டா, இவர் எழுந்து எங்க வருவார்? பலகையில பேர் இருக்கும். உள்ள இருக்காது."

அவள் தன் பெயரில்தான் தொடங்கினாள். பாதிப் பேர் மறுபடி சம்மதம் தந்தார்கள். லாரிக்காரர் உட்படச் சிலர் கெடு தவறி அபராதம் கட்டிவிட்டு வேறு முகவரிடம் போனார்கள். அவர் விழுந்த கையோடு கடையை மாற்றி எழுதிக்கொண்டாயா என்று பேக்கரிக்காரர் நேராகவே கேட்டார். சாரின் மனைவியான அக்காவும் அவளுடைய போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டாள்.

சார் வீடு திரும்பி, வார்த்தைகள் ஒன்றிரண்டாய் வரத் தொடங்கியதைக் கேள்விப்பட்டுப் போனாள். கட்டிலருகே உட்கார்ந்து, செய்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் வாயைக் கோணிக்கோணி வார்த்தை தேடினார்.

"நான்... மூடினேனே."

அறை வாசலில் நின்ற அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"எனக்குத் தெரியல சார்" என்றாள்.

தன் கணக்கில் அவரையும் பயனராகச் சேர்க்கலாமா என்று கேட்டாள். அவர் யோசித்தார். பிறகு இடக்கையை நீட்டி, போனைக் கொண்டுவரும்படி மனைவிக்குச் சைகை காட்டினார். வந்த எண்ணை ஒவ்வொன்றாய்த் தடவித் தடவி அழுத்துவதற்குள் நேரம் கடந்து அது காலாவதியானது. இன்னொன்று அனுப்பினாள். அதுவும் போனது. மூன்றாவதில் உள்ளே போனார்.

அவள் கிளம்பியபோது அக்கா வழியனுப்ப வரவில்லை.